விடத்தக்கதும் விடலாகாததும்



உடன் வாழ்ந்தவர் மறைந்தபின் எஞ்சி நிற்பவர் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்னும் வினா, நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் என்றேனும் ஒருநாள் எழுந்தே தீரும். பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் நிலையாமையை எண்ணும் அநித்திய பாவனையை முதலாவதாகவும், புகலின்மையை எண்ணும் அசரண பாவனையை இரண்டாவதாகவும் நம் ஆசாரியர்கள் வைத்துள்ளனர். பிள்ளைப் பருவம் முதல் நாம் அவற்றைக் கேட்டு வருகின்றோம். ஆயினும், கேட்கும்போது தெளிவாக இருந்த உண்மை, இல்லத்தில் ஒரு கட்டில் வெறுமையாகும் நாளில் கலங்கிப் போகின்றது. நெடுங்காலம் ஆசிரியப் பணி ஆற்றிய நாம் இதனை நன்கு அறிவோம். பாடத்தை ஒப்புவிப்பது வேறு. தேர்வில் அமர்வது வேறு.

இழப்புக்குப் பின் மக்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றுகின்றனர். சிலர் மறைந்தவரின் மூக்குக் கண்ணாடியையும் கைத்தடியையும் வைத்த இடத்திலேயே வைத்து, அந்த அறையின் காவலராகவே தம்மை ஆக்கிக்கொள்கின்றனர். வேறு சிலர் அவ்வீட்டைக் காணவும் மனம் பொறாமல், வந்த விலைக்கு அனைத்தையும் விற்றுவிட்டு எங்கேனும் போய்விடுகின்றனர். முன்னதை விருப்பு நடத்துகின்றது. பின்னதை வெறுப்பு நடத்துகின்றது. விருப்பும் வெறுப்பும் வினைக் கட்டுக்கு இரு கயிறுகள் என்பது நம் நெறி. அங்ஙனமாயின், இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வழி ஒன்று இல்லறத்தார்க்கு உண்டா? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொண்ணூறாம் வயதில் ஒரு புறப்பாடு

இவ்வாராய்ச்சிக்கு, அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நம் நாட்டில் நிகழ்ந்ததன்று. நம் சமயத்தார் வாழ்வில் நிகழ்ந்ததும் அன்று. எனினும் நல்லது எங்கிருப்பினும் ஆராய்ந்து கொள்ளுதல் அறிவுடையார் இயல்பாகும்.

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில், பிரெஸ்க் ஐல் என்னும் ஊரில் நார்மா பாயர்ஷ்மிட் என்னும் மூதாட்டியார் வாழ்ந்து வந்தார். 2015ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவருடைய கணவர் லியோ காலமானார். அம்மறைவை ஒட்டிய நாட்களிலேயே நார்மா அம்மையாருக்குக் கருப்பையில் புற்றுநோய் இருப்பதும் கண்டறியப்பட்டது. அப்போது அவருக்கு வயது 90. அறுவை மருத்துவம், அதன்பின் கதிர்வீச்சு, மருந்தேற்றல் என மருத்துவர் எடுத்துரைத்தார். அம்மையார் அமைதியாகக் கேட்டுவிட்டு, தமக்குத் தொண்ணூறு வயதாகிவிட்டது, தாம் பயணம் புறப்படப் போவதாக விடை கூறினார்.

அவருடைய மகன் டிம், மருமகள் ரேமி ஆகிய இருவரும் அதற்கு முன்னரே பல ஆண்டுகளாக நிலையான வீடின்றி, சிறிய இழுவை வண்டி ஒன்றில் வாழ்ந்து வந்தவர்கள். அன்னையார் முதியோர் இல்லத்தில் தங்க விரும்புகின்றாரா, தம்முடன் ஊர்தியில் வர விரும்புகின்றாரா என்று அவரையே அவர்கள் கேட்டனர். அவர் தம்முடன் வர இசைந்ததும், சக்கர நாற்காலிக்கு இடம் தரும் பெரிய ஊர்தி ஒன்றை வாங்கினர். உள்ளேயே படுக்கையும் சமையலிடமும் குளியலறையும் அமைந்த ஊர்தி அது. 2015 ஆகஸ்டுத் திங்களில் அவர்கள் புறப்பட்டனர். நான்காவது துணையாக உடன் சென்றது ரிங்கோ என்னும் நாய். பூடில் என்று வழங்கும் இனத்தைச் சேர்ந்தது, உருவில் பெரியது.

ஏறக்குறைய 13,000 மைல், அதாவது 21,000 கிலோமீட்டர் அளவு அவர்கள் பயணம் செய்தனர். 32 மாநிலங்களைக் கண்டனர். எல்லோஸ்டோன் காட்டையும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கையும் அம்மையார் கண்டார். வெப்பக் காற்றுப் பலூனில் ஏறி வானிலும் சென்றார். 2016 செப்டம்பர் 30ஆம் நாள், வாஷிங்டன் மாநிலத்துத் தீவு ஒன்றில் உள்ள ஃபிரைடே ஹார்பர் என்னும் ஊரில், தம் 91ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். மகனும் மருமகளும் இந்த வரலாற்றை ‘டிரைவிங் மிஸ் நார்மா’ என்னும் நூலாக எழுதி 2017இல் வெளியிட்டனர்.

இதனை நாம் எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும்?

துறவும் அன்று, ஓட்டமும் அன்று

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். ஊர்தியில் ஊர் ஊராகச் செல்லுதல் துறவு ஆகாது. நம் முனிவர்களும் ஓரிடத்தில் நில்லாது செல்பவர்களே. ஆனால் அவர்கள் நடந்து செல்கின்றனர். காலடிக்கு முன்னே நான்கு முழத் தொலைவு நிலத்தைப் பார்த்து, எறும்புக்கும் இடர் நேராவண்ணம் அடி வைப்பது ஈரியா சமிதி. உயிர்கள் மிகுந்து தோன்றும் மழைக்காலத்தில் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குவது சாதுர்மாஸ்யம். மயிற்பீலியும் கமண்டலமும் சாத்திரச் சுவடியும் அன்றி அவர்கள் கையில் எதுவும் இல்லை. எஞ்சின் பூட்டிய வண்டியை அந்நெறியோடு ஒப்பிடுதல் தகாது.

அவ்வாறே, நார்மா அம்மையார் மருத்துவத்தை வேண்டாமென்றதைச் சல்லேகனை என்று கூறுதலும் பொருந்தாது. சல்லேகனை என்பது குரு முன்னிலையில் முறையாக ஏற்று, கஷாயங்களையும் உடலையும் படிப்படியாக மெலிவிக்கும் விரதம். அம்மையார் ஏற்றது விரதம் அன்று. அவர் உணவும் நம் உணவு அன்று. ஒரு முதியவர், தம் நோயின் நிலையையும் தம் வயதையும் உணர்ந்து, மருத்துவரிடம் கேட்டறிந்து செய்துகொண்ட தெரிவு அது. நோயுற்றோர் யாவரும் மருத்துவத்தைக் கைவிடலாம் என்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது.

எனினும் அது அஞ்சி ஓடிய ஓட்டமும் அன்று. ஓடுபவன் எதிலிருந்து விலகுகின்றோம் என்பதையே எண்ணிக்கொண்டிருப்பான். தமக்கு எஞ்சிய நாட்கள் சில என்பதை அந்த அம்மையார் மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இருப்பதை இருப்பதாகவே காணுதல் தெளிவின் முதற்படி. அந்த அளவில் அவர் வாழ்வு நமக்கு ஒரு பாடமாகின்றது.

பயணம் போவோர் அனைவரும் இவ்வாறு தாமே தெரிந்து போகின்றவர் என்றும் எண்ணிவிடலாகாது. அதே நாட்டில் நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்னும் ஆலையூர் இருந்தது. 2011இல் அங்கிருந்த ஜிப்சம் ஆலை மூடப்பட்டபோது குடும்பங்கள் அனைத்தும் வீடுகளைக் காலி செய்ய நேர்ந்தது. 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்குப்பின் வீட்டை இழந்து, வேனையே வீடாகக் கொண்டு, பருவந்தோறும் கூலி வேலை தேடி அலைந்த முதியோர் பலர். அவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் என்னும் எழுத்தாளர் 2017இல் ‘நோமேட்லேண்ட்’ என்னும் நூலை எழுதினார். அதனைத் தழுவிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றது. வறுமையால் இழந்ததை விரதத்தால் விட்டதாகப் புகழ்வது அறம் ஆகாது. நம்மிடம் இருப்பதை நாமே மனமுவந்து குறைத்துக்கொள்வதே பரிக்கிரக பரிமாணம். பிறரிடமிருந்து பறிபோனதற்கு நாம் செய்யத்தக்கது உதவி மட்டுமே.

வண்டியில் ஏறும் மூட்டை

ஒரு வேனில் எவ்வளவு பொருள் கொள்ளும்? சில ஆடை, சில பாத்திரம், மருந்து, போர்வை, குடிநீர். அவ்வளவே. பெரிய வீட்டில் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்தவற்றுள் பெரும்பகுதியை விட்டால்தான் அதில் ஏற முடியும். புலம், வீடு, வெள்ளி, பொன் முதலாகப் புறப் பரிக்கிரகத்தை நம் நூல்கள் பத்து வகையாகக் கூறும். இடம் குறைந்தால் அவை தாமே குறைந்துவிடும். வீடு சிறிதாகும்போது பெருக்கித் துடைக்கும் வேலையும் சிறிதாகும். காவல் கவலையும் சிறிதாகும். இது பயணத்தால் வரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால் அகப் பரிக்கிரகம் என ஒன்று உண்டு. அது பதினான்கு வகைப்படும். மித்தியாத்துவம் ஒன்று, கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் கஷாயங்கள் நான்கு, நோகஷாயங்கள் ஒன்பது. அந்த ஒன்பதனுள் ஒன்று சோகம் என்பதை நாம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். துயரத்தையும் நம் ஆசாரியர்கள் ஓர் உடைமையாகவே எண்ணினர். வீட்டை விற்கலாம், பெட்டியைத் தானம் செய்யலாம், இந்த மூட்டையை மட்டும் எந்தக் கடையிலும் இறக்கி வைக்க இயலாது. எத்தனை மைல் சென்றாலும் அது உடன் வரும். வண்டியின் வேகத்துக்கு அது பின்தங்குவதில்லை.

துயருறுதல் குற்றம் என்று இதற்குப் பொருள் கொள்ளற்க. உடன் வாழ்ந்தவரை எண்ணிக் கண்ணீர் பெருகுதல் மக்கள் இயல்பு. கணவரை இழந்து நாட்களைக் கடந்து வந்த நாம் அதனை அறியாதவர் அல்லேம். நாம் கூறுவது, அத்துயரத்திலேயே தங்கி அதனை நாளும் வளர்த்தலைப் பற்றியது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரத்தில் உமாசுவாமி ஆசாரியர், துன்பம், சோகம், அழுகை முதலியவற்றைத் தன்னிடத்தோ பிறரிடத்தோ உண்டாக்குதல் அசாதா வேதனீயம் என்னும் வினை வருவதற்கு வாயில் எனக் காட்டுகின்றார். அதனை அடுத்தே, உயிர்களிடத்தும் விரதிகளிடத்தும் கொள்ளும் அனுகம்பை, தானம், பொறுமை முதலியவை சாதா வேதனீயத்துக்கு வாயில் என்கின்றார். இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதில் நமக்கு ஒரு வழி தெரிகின்றது. சோகத்தை அடக்கி அமுக்கினால் அது நீங்காது. அதே நெஞ்சத்தை இன்னோர் உயிரின் பசியின் மீதும் நோவின் மீதும் திருப்பும்போது அது அனுகம்பையாக மாறுகின்றது. நாம் தேடிய மூன்றாவது வழி இதுவே.

இங்கேதான் அந்த வண்டியில் ஏறிய நான்காவது உயிரைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது.

நாய் கேட்ட மந்திரம்

துயருற்றவர்க்கு நாய் ஒரு நல்ல துணை என்று இக்காலத்தில் பலரும் கூறுகின்றனர். அது உண்மையே. விடிந்தால் அதற்கு உணவு வைக்க வேண்டும். வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். எழுந்திருக்கவே மனமில்லாத முதியவரும் அதன்பொருட்டு எழுந்துவிடுவார். அது எதையும் கேட்டுத் தொல்லை செய்வதில்லை. ஆறுதல் மொழி கூறி அலுப்பூட்டுவதும் இல்லை. ஆனால் நமக்கு அது என்ன தரும் என்று மட்டுமே எண்ணினால், அதுவும் ஒரு பொருளாகிவிடும். சமணர் அதனை ஐம்புலனும் மனமும் உடைய ஓர் ஆன்மாவாகக் காணக் கடமைப்பட்டவர். தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் அமைந்த பன்னிரண்டு கோட்டங்களுள் ஒன்று விலங்குகளுக்கு உரியது. அறம் கேட்கும் தகுதி அவற்றுக்கும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

திருத்தக்க தேவர் அருளிய சீவக சிந்தாமணியை நம் இல்லத்தார் அறிவர். உ.வே. சாமிநாதையர் அவர்கள் 1887இல் அச்சில் பதிப்பித்தபின் தமிழுலகம் முழுவதும் அதனை அறிந்தது. இழப்பு, ஊர்தி, நாய் என நாம் பேசிவரும் மூன்றும் அக்காப்பியத்தில் ஒருங்கே உள்ளன.

ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், அமைச்சன் கட்டியங்காரனின் வஞ்சனையால் வீழ்ந்தான். கருவுற்றிருந்த தேவி விசயையை அதற்கு முன்னரே மயிற்பொறியில் ஏற்றி அனுப்பினான். அப்பொறி அவளை இறக்கியது சுடுகாட்டில். கணவனை இழந்த அந்த இரவிலேயே, ஈமவிளக்கின் ஒளியில், அவள் சீவகனைப் பெற்றாள். குழந்தையை வணிகன் கந்துக்கடன் எடுத்துச்சென்று வளர்த்தான். அவளோ தண்டகாரணியத்துத் தவப்பள்ளியை அடைந்து, அங்கு நோற்று வாழ்ந்தாள். அரண்மனையும் அரசும் கணவனும் ஒரே நாளில் நீங்கிய ஒருத்தி, அதன்பின்னும் வாழ்ந்தாள், மகனைக் கண்டாள், இறுதியில் தன் மனத்தால் துறவும் பூண்டாள். கைம்பெண்டிரை வீட்டின் மூலையில் அமர்த்தி வைப்பதே மரபு என்று எண்ணுவோர், நம் காப்பியம் அவளை எங்கெல்லாம் செல்லவிட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குணமாலையார் இலம்பகத்தில் நாயைக் காண்கின்றோம். அந்தணர்க்கென வைத்த சோற்றில் வாய் வைத்த நாயொன்றை அவர்கள் அடித்துக் குற்றுயிராக்கினர். அவ்வழி வந்த சீவகன், அதன் உயிரைக் காக்க இயலாது என்பதை உணர்ந்தான். எனினும் அதனை விட்டு அகலவில்லை. அருகிருந்து அதன் செவியில் பஞ்ச நமஸ்காரத்தை ஓதினான். அந்த உயிர் அமைதியாக உடலை நீத்து, சுதஞ்சணன் என்னும் இயக்கனாய்த் தோன்றியது. பின்னர்க் கட்டியங்காரன் சீவகனைக் கொல்லக் கட்டளையிட்டபோது, அவனை மீட்டுத் தன் மலைக்குக் கொண்டு சென்றவன் அந்தச் சுதஞ்சணனே. இனிய குரல் பெறவும், நஞ்சு தீர்க்கவும், வேற்றுருக் கொள்ளவும் உரிய மூன்று மந்திரங்களை அவனே கற்பித்தான். அதன்பின்னரே சீவகனின் நாடு காண் பயணம் தொடங்குகின்றது.

இதனைக் கூர்ந்து நோக்குக. ஊரையும் உறவையும் பிரிந்து சீவகன் மேற்கொண்ட அந்த நெடும் பயணத்துக்கு வழித்துணையாய் நின்றது, முன்பு ஒரு நாய்க்கு அவன் காட்டிய அருள். அதனிடமிருந்து எதையும் வேண்டி அவன் அமரவில்லை. இறக்கும் நாயால் அவனுக்கு ஆவது ஒன்றுமில்லை. பயன் கருதாத அருள் என்பது அதுவே. சமந்தபத்திர ஆசாரியரும் தம் இரத்தின கரண்டகத்தில் அறத்தின் ஆற்றலை விளக்குமிடத்து நாயையே எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளார்.

ஐந்து அதிசாரங்கள்

ஊனுண்ணும் பிராணியை வளர்ப்பது சமண இல்லத்துக்கு ஏற்குமா என்று பெரியோர் சிலர் ஐயுறுவதுண்டு. அவ்வையம் மதிக்கத்தக்கது. பொழுதுபோக்குக்காகவும் பெருமைக்காகவும் விலைகொடுத்து வாங்கிக் கட்டி வைப்பதை நாமும் ஏற்பதற்கில்லை. ஆனால் திக்கற்று நம் வாயிலை அடைந்த உயிரையும், நம் இல்லத்தில் முன்பே வளர்ந்த உயிரையும் காப்பது கொல்லாமையின் உறுப்பேயாகும். உணவைப் பொறுத்தவரையில், மனிதரோடு வாழத் தொடங்கியபின் நாயினம் மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை ஓநாயைவிட மிகுதியாகப் பெற்றுள்ளது என்று 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சோறு மட்டும் அதற்குப் போதாது. பருப்பும் பிறவும் எந்த அளவில் சேர்ப்பது என்பதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்தல் வேண்டும். நாம் நோன்பின்பொருட்டு விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்பதையும் அறிந்துகொள்க. திராட்சையும் அவ்வாறே.

அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை உமாசுவாமி ஆசாரியர் கூறியுள்ளார். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. நாயோடு பயணம் செய்வோர்க்கு இந்த ஐந்துமே போதிய வழிகாட்டி.

கட்டுதல் என்பது கயிற்றால் மட்டும் அன்று. நிறுத்திய வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே நாயை விட்டுச் செல்வதும் கட்டுதலே. வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டியின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் உயர்கின்றது என்றும், அதில் பெரும்பகுதி முதல் அரைமணியிலேயே உயர்ந்துவிடுகின்றது என்றும் 2005இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நமக்கு உடலெங்கும் வியர்க்கும். நாய் இளைத்து மூச்சுவிட்டே தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் தரிசனம் முடித்து வருகின்றோம் என்று உள்ளே பூட்டிச் செல்வது உயிருக்கு இறுதியாக முடியக்கூடும். ஜினாலயத்துக்குள் நாயை அழைத்துச் செல்லல் ஆகாது. ஆகவே ஒருவர் நிழலில் அதனோடு இருக்க, மற்றவர் சென்று வணங்கி வருக. வெளியே காத்திருப்பவர் செய்வதும் ஒரு வழிபாடே.

மிகுபாரம் என்பது அதன் ஆற்றலுக்கு மேற்பட்ட தொலைவு நடத்துதலையும் ஓய்வின்றிப் பயணம் செய்வித்தலையும் குறிக்கும். உணவும் நீரும் தடுத்தல் என்பது, நம் நோன்பு நாளில் அதனையும் பட்டினி போடுதலைக் குறிக்கும். நோன்பு நாமே ஏற்பது. அதன்மேல் ஏற்றுவது அன்று. வெறிநோய்த் தடுப்பூசியைக் காலந்தவறாது போடுவித்தல் அதற்கும் பிறர்க்கும் காப்பு. இரவு நேரத்தில் வண்டியோட்டுதலைத் தவிர்த்தல் வேண்டும். மழைக்காலத்து மாலையில் விளக்கொளியை நாடி ஈசல்கள் எத்துணை வந்து மோதுகின்றன என்பதை வண்டியின் முகப்பைப் பார்த்தோர் அறிவர். இருட்டுமுன் உண்டு முடிக்கும் நமக்கு, இருட்டுமுன் வண்டியை நிறுத்துதல் கடினமன்று.

நம் இல்லங்களில்

இவை அனைத்தும் அயல்நாட்டாருக்கு ஏற்றவை, நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். நம் இல்லங்களில் நிகழ்வதையும் சற்றுப் பார்ப்போம்.

தந்தையார் காலமாகின்றார். கருமங்கள் முடிந்ததும் மக்கள் கூடி அமர்கின்றனர். நிலத்தை என்ன செய்வது, வீட்டை யாரிடம் ஒப்படைப்பது, அம்மா யார் வீட்டில் எத்தனை மாதம் இருப்பது என்பவை பேசப்படுகின்றன. ஆறு மாதம் சென்னையில், ஆறு மாதம் பெங்களூரில் என்று முறை வகுக்கப்படுகின்றது. மக்கள் அன்பில்லாதவர் அல்லர். அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர். ஆயினும் அந்தப் பேச்சில், அடுத்த அறையில் அமர்ந்திருக்கும் அன்னையாரை ஒருவரேனும் கேட்டதுண்டா? “அம்மா, உங்களுக்கு எப்படி இருக்க விருப்பம்?” என்னும் அந்த ஒரு வினாவை டிம், ரேமி இருவரும் கேட்டனர். அவர்கள் வரலாற்றில் ஊர்தியும் பலூனும் நமக்கு வியப்பளிக்கலாம். அவற்றினும் பெரியது, விடை எதுவாயினும் ஏற்போம் என்னும் மனத்தோடு அவர்கள் கேட்ட அந்த வினா.

விடை பலவாறு இருக்கலாம். ஒருவர் தம் ஊரிலேயே, தம் வீட்டிலேயே இருக்க விரும்பலாம். இன்னொருவர் பிள்ளைகளோடு இருக்க விரும்பலாம். வேறொருவர், இத்தனை ஆண்டும் அடுக்களையிலும் களத்திலும் கழிந்தது, மேல்சித்தாமூரும் திருமலையும் பொன்னூர் மலையும் திருப்பருத்திக்குன்றமும் தொடங்கி, சிரவணபெளகொளா வரை ஒரு வேனில் சென்று, விரும்பிய ஊரில் விரும்பிய நாள் தங்கி வணங்கி வரவேண்டும் எனலாம். தொண்ணூறு வயதில் அயல்நாட்டு அம்மையார் ஒருவர்க்குக் கூடியது, எழுபது வயதில் நம் அன்னையர்க்கும் அத்தையர்க்கும் கூடாதா? உடல் இடந்தருமாயின் அதனைத் தடுப்பதற்கு, ஊரார் என்ன சொல்வார்களோ என்பது ஒரு காரணம் ஆகாது.

இன்னுமொன்று. நம் சிற்றூர்களில் பூட்டிய வீடுகள் பெருகி வருகின்றன. உள்ளிருந்தோர் நகரத்துக்குச் சென்றுவிட்டனர். அவற்றுள் சிலவற்றின் திண்ணையில் ஒரு நாய் படுத்திருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். பத்து ஆண்டு அவ்வீட்டுச் சோற்றை உண்டு, அவ்வீட்டுப் பிள்ளைகளோடு ஓடித் திரிந்த நாய் அது. நிலத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள், நகைக்கு ஏற்பாடு செய்தவர்கள், அதற்கு ஓர் ஏற்பாடும் செய்யவில்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அது தலையைத் தூக்கிப் பார்க்கின்றது. சோகம் என்னும் அந்த நோகஷாயம் அவ்வுயிரையும் விடுவதில்லை. நம் துயரத்தைப் பேசும் நாம், அதன் துயரத்துக்குக் காரணர் ஆகலாமா?

ஆகவே, வாழ்வை மாற்றி அமைக்கும் நாளில் இரண்டு பட்டியல் எழுதிக்கொள்வது நன்று. முதற் பட்டியலில் விடத்தக்கவை: மிகுதியான பாத்திரம், மிகுதியான ஆடை, மிகுதியான வீடு, பழைய மனக்கசப்பு, பிறர் என்ன நினைப்பரோ என்னும் அச்சம். இரண்டாம் பட்டியலில் விடலாகாதவை: நாள்தோறும் செய்யும் சாமாயிகம், ஏற்ற விரதங்கள், நம்மை நம்பி வாழும் உயிர்கள். உடன் அழைத்துச் செல்ல இயலாத நாயை, அன்புடைய ஒருவரிடம் முன்னரே பழக்கி ஒப்படைத்தல் வேண்டும். அதன் உணவுக்குரிய பொருளையும் அவரிடம் தருதல் வேண்டும். முதுமையில் புதிதாக ஒரு நாயை ஏற்போரும், அது பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழக்கூடியது என்பதை எண்ணி, நமக்குப் பின் அதனைக் காப்பவர் யார் என்பதை முன்னரே குறித்துவைத்தல் கடமை. தன் மரணத்தை எண்ணி இன்னோர் உயிருக்கு ஏற்பாடு செய்பவரே அநித்திய பாவனையை உண்மையில் பயின்றவர் ஆவார்.

வீட்டில் இருப்பினும் வழியில் செல்லினும் உயிர் தனியே வந்தது, தனியே செல்லும். ஏகத்துவ பாவனை நமக்கு அதனை நினைவூட்டுகின்றது. இடைப்பட்ட வழியில் ஒன்றுக்கொன்று உதவியாய் இருத்தலே உயிர்களின் இயல்பு. வரும் அஷ்டமி நாளில், சாமாயிகம் முடிந்தபின், ஒவ்வொரு குடும்பத்தினரும் தம் இல்லத்து முதியோரை அருகழைத்து அந்த ஒரு வினாவைக் கேட்பாராக. கேட்டபின், விடை முழுதும் வரும்வரை பொறுத்திருப்பாராக. வாயிலில் காத்திருக்கும் உயிர்க்கும் அன்று ஒரு பிடி சோறும் ஒரு கலம் நீரும் வைப்பாராக.

எல்லா உயிரும் நலமுறுக! அருகன் அறம் ஓங்குக!